எகிப்தியச் சீட்டுக்கட்டும் என் வருங்காலச் சம்பந்தியும்

துவாரகா, புது தில்லி
மாசி மாதம், 2006

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி சிவஞானத்துக்கு அத்தான் மாசிலாமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் இந்திராணியும் உன் மருமகள் சுபாஷிணியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். கெய்ரோவில் நீ சுகமாகத்தான் இருப்பாய். வினையை இங்கே இறக்கிவிட்டுப் போனவனுக்கு என்ன குறை?

இந்தச் சேதியை மின்னஞ்சலில் எழுதினால் அரை நிமிஷத்தில் உன்னை வந்தடையுமாம். வீட்டில் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதைத் திறந்து கொடுக்கிற பெண்தான் என்னோடு பேசுவதில்லை. அதனால் தபால்தலை ஒட்டுகிறேன். அவள் ஏன் பேசுவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணம் நான்தான் என்பாள் உன் அக்காள். நீதான் காரணம் என்கிறேன் நான்.

கெய்ரோவுக்கு மாற்றலாகிப் போன தம்பியிடம் உன் அக்காள் கேட்டது பேரீச்சம்பழம். கேட்டதை வாங்கி வந்திருந்தால் ஒரு வாரத்தில் தின்று கொட்டையைத் துப்பியிருப்போம், யாருடைய கல்யாணமும் அந்தரத்தில் நின்றிருக்காது. நீயோ தீபாவளிக்கு வரும்போது விமான நிலையக் கடையில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு வந்தாய். 'பண்டைய எகிப்தின் ரகசிய ஞானம்' என்று பெட்டிமேல் பொன்னெழுத்து. உள்ளே எழுபத்தெட்டு சீட்டு. சீட்டுக்குச் சீட்டு நாய்த்தலை மனிதர், பருந்துத்தலை மனிதர், மாட்டுக்கொம்பு வைத்த மகாராணி. கூடவே எறும்பு ஊர்ந்ததுபோல ஓர் ஆங்கிலக் குறிப்புப் புத்தகம். "அக்கா, இதுக்குப் பேரு டாரோ. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால எகிப்துப் பூசாரிங்க எழுதிவச்ச சாஸ்திரமாக்கும். ஒரு சீட்டு எடுத்துப் பாரேன், அப்பிடியே பலிக்கும்" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறிவிட்டாய். கொளுத்திப் போடுகிறவன்கூட பற்றிக்கொண்டதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

பற்றிக்கொண்டது. குறிப்புப் புத்தகத்தின் எழுத்து பொடியாக இருந்ததால் உன் அக்காள் அதை ஓரமாகப் போட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தே பலன் சொல்வது என்று தீர்மானித்தாள். முதலில் எடுத்தது மரணச் சீட்டு. கறுப்பு நாய்த்தலையோடு எகிப்தியரின் மயான தேவதை நிற்கிறது. யாராக இருந்தாலும் பயந்து கையை உதறியிருப்பார்கள். உன் அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அத்தான், இது நம்ம பைரவருல்லா! காவல் தெய்வம் முத முதல்ல வந்திருக்கு, பாத்தியளா?" என்றாள். அதோடு தொலைந்தது. பருந்துத்தலை கருடாழ்வார். மாட்டுக்கொம்பு காமதேனு. தலைகீழாகத் தொங்குகிறவன் தவம் பண்ணுகிற சித்தர். பச்சை நிறத்தில் ஒரு செத்துப்போன ராஜா இருக்கிறார், அவர் பெருமாளாம். சைவ வீடானாலும் வந்த பெருமாளைத் துரத்த முடியுமா என்று கேட்கிறாள். எல்லாருக்கும் விபூதி வைத்தாயிற்று. எகிப்தின் ரகசிய ஞானம் இப்போது எங்கள் பூஜை அலமாரியில், காந்திமதியம்மன் படத்துக்கும் ஊதுபத்திப் பாக்கெட்டுக்கும் நடுவில் எழுந்தருளியிருக்கிறது.

எதிர் வீட்டில் பல்லா என்று ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருப்பது உனக்குத் தெரியும். அந்த அம்மாள் ஒருநாள் தயிருக்கு உறை மோர் கேட்க வந்தவள், சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டிஜி, மேரா பி நிகாலோ நா" என்று தனக்கும் ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்தது இடி விழுந்து இடிகிற கோபுரம். சீட்டுக்கட்டிலேயே இதைவிட மோசமான சீட்டு கிடையாது என்று குறிப்புப் புத்தகம் சொல்கிறது. உன் அக்காள் அதை எடுத்து அந்த அம்மாளின் கண்ணில் ஒற்றிவிட்டு, கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினாள். சில நாளில் எங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் மேல்மாடித் தண்ணீர்த் தொட்டி வெடித்து, பல்லா வீட்டுச் சமையலறைக் கூரை அப்படியே கீழே வந்தது. சரி, இன்றோடு இந்தக் கூத்து முடிந்தது, சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று நான் கதவருகே காத்திருந்தேன். அந்த அம்மாள் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தாள். பத்து வருஷமாகப் புதுச் சமையலறை கட்டித்தரச் சொல்லிக் கேட்டுக் கேட்காத புருஷன், கூரை விழுந்ததும் சம்மதித்துவிட்டாராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தால் கோயில் என்று நினைத்து யாராவது உண்டியல் தேடுவார்கள். என் நாற்காலியில் யாரோ ஒரு மிசஸ் கன்னா. என் செய்தித்தாளை விரித்து அதன்மேல் சீட்டு. நான் என் வீட்டு பால்கனியில், துவைத்த துணிகளுக்கு இடையில், காப்பிக்காகக் காத்திருக்கிறேன்.

நான் எதையும் ஆராயாமல் ஏளனம் செய்கிறவன் அல்ல. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பிறர் எழுதிய வரைவுகளைத் திருத்தியே ஓய்வு பெற்றவன். ஆதாரம் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே நூலகத்துக்குப் போனேன். உன்னுடைய மூவாயிரம் வருஷத்துப் பூசாரிகள் யார் தெரியுமா? 1781-இல் பாரிஸில் இருந்த ஒரே ஒரு பாதிரியார். அவர் ஒரு சீமாட்டி வீட்டுக்குப் போனாராம், அங்கே சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம், படத்தைப் பார்த்ததும் 'ஆகா, இது எகிப்தியரின் ஞான நூல், அழியாமல் இருக்கச் சீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்' என்று உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்தாராம். அன்றைக்கு எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் பூமியில் ஒருவர்கூட இல்லை. அதற்கு இன்னும் நாற்பது வருஷம் ஆகவேண்டியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் பொருள் சொல்வது எவ்வளவு சுலபம் பார்! உடனே பாரிஸில் ஒரு சோதிடர் அதைப் பிடித்துக்கொண்டு புதுக் கட்டு அச்சடித்தார், எகிப்து படத்தில் ஏறிக்கொண்டது. உண்மையில் டாரோ என்பது ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன் இத்தாலியப் பிரபுக்கள் பொழுது போகாமல் ஆடிய துருப்புச் சீட்டாட்டம். நாம் மத்தியானத்தில் ரம்மி போடவில்லையா, அதுதான். பாதிரியார் இத்தாலிச் சீட்டைப் பார்த்தார், எகிப்து தெரிந்தது. உன் அக்காள் எகிப்துச் சீட்டைப் பார்த்தாள், திருநெல்வேலி தெரிந்தது. அவளையாவது மன்னிக்கலாம். அவள் புத்தகம் போடவில்லை.

இனிமேல்தான் விஷயமே. நம் சுபாவும், அவள் அலுவலகத்தில் வேலை பார்க்கிற அர்விந்த் என்ற பையனும் ஒருவரை ஒருவர் விரும்புவது உனக்குத் தெரிந்ததுதான். தில்லியில் பிறந்து வளர்ந்த பெண் காதலிக்கிறேன் என்று வந்து நின்றதும் நான் இருந்த தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டேன். விசாரித்தால், பையன் கோல் மார்க்கெட் அரசு குவார்ட்டர்ஸில் இருக்கிற தமிழ்க் குடும்பம், நம் சைவம், ஜாதகமும் பொருந்தியது. இப்படி ஓர் அதிருஷ்டம் எந்தத் தகப்பனுக்கு வாய்க்கும்? தேதி குறிப்பது ஒன்றுதான் பாக்கி. பையனின் அப்பா மாணிக்கவாசகம், மத்திய அரசில் பெரிய பதவி, தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி. உலகத்தில் எதைக் காட்டினாலும் அது தமிழ்நாட்டிலிருந்து போனது என்பார். நம் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ ரயிலைக் காட்டினேன். சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். மனதுக்குள் அதைப் பற்றியும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பூஜை அலமாரியைக் கும்பிடப் போனவர், நீ கொடுத்த கட்டைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். உன் அக்காள் பக்கத்தில் நின்று பைரவர், கருடன், காமதேனு என்று அறிமுகம் செய்து வைத்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. "அம்மா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியாது" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை தேதி குறிக்க வந்தார்கள். பஞ்சாங்கத்துக்குப் பதிலாகப் பையிலிருந்து ஒரு கட்டுரை வெளியே வந்தது. தமிழ் மன்றக் கூட்டத்தில் வாசிப்பதற்காம். எங்களுக்கு முதலில் வாசித்துக் காட்டுகிறாராம். பாண்டிய நாட்டு வணிகர்கள் மிளகும் முத்தும் ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போனபோது பொழுதுபோக்குக்காக இந்தச் சீட்டுகளையும் கொண்டுபோனார்களாம். எகிப்தியர் அதைத் திருடிக்கொண்டார்களாம். அவர்களிடமிருந்து இத்தாலியர் திருடினார்களாம். பிரெஞ்சுக்காரர் கடைசித் திருடராம். வெங்காய பஜ்ஜி ஆறி, கேசரி இறுகி, சம்பந்தியம்மாள் விசாலாக்ஷி இரண்டு தடவை கொட்டாவியைச் சேலைத் தலைப்பால் மூடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. உன் அக்காள் மேஜைக்கு அடியில் என் கால்மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சுபா சமையலறை வாசலில் நின்று, 'அப்பா, சுப் ரஹோ, பேசாதீங்க' என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு அந்த மனிதர் என்னைப் பார்த்து, "நீங்க வரைவு திருத்துறதுல புலின்னு கேள்விப்பட்டிருக்கேன். ஏதாவது குறை இருந்தா தாராளமா சொல்லுங்க" என்றார்.

சிவஞானம், மாட்டைப் பார்த்து வைக்கோலைத் தின்னாதே என்று சொன்னால்கூட அது ஒருவேளை கேட்கும். தாராளமாகத் தின்னு என்று சொல்லலாமா? நான் முதலில் ஒரு காற்புள்ளியைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு பாதிரியாரைச் சொன்னேன். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துவந்து, கவிழ்த்து, அடியில் இருந்ததை உரக்க வாசித்தேன்: 'இத்தாலியில் அச்சிடப்பட்டது.' பண்டைய எகிப்தின் ரகசியம், இத்தாலியில் அச்சு! அந்தப் பெட்டியிலேயே அது ஒன்றுதான் உண்மையான வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப தமிழனுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறீங்க" என்றார் அவர்.

"தமிழனுக்கு எல்லாம் தெரியும். சீட்டு மட்டும் இத்தாலிக்காரன்கிட்ட கத்துக்கிட்டான்" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நுணல் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தேன். விசாலாக்ஷி அம்மாள் கேசரிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். "தேதி அப்புறம் சொல்றோம்" என்று எழுந்தார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சுபா அழவில்லை. "அச்சா, அப்பா. நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. வேலைக்குப் போகிறாள், வருகிறாள், என் காப்பியை மேஜையில் வைத்துவிட்டுத் தட்டாமல் முட்டாமல் போய்விடுகிறாள். திட்டினால் பதில் சொல்லலாம். இது தாங்கவில்லை.

உன் அக்காளோ மறுநாள் குளித்துவிட்டு வந்து, கல்யாணத்துக்காக என்று ஒரு சீட்டு எடுத்தாள். வந்தது மடையன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே போகிறோம் என்று பார்க்காமல் ஒருவன் நடக்கிறான். அவன் காலடியில் ஒரு முதலை வாயைப் பிளந்து காத்திருக்கிறது. நான் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்து, அதற்குப் பொருள் முட்டாள்தனம், அழிவு என்று வாசித்துக் காட்டினேன். "முதலைன்னா அவிநாசிலா! முதலை விழுங்கின பிள்ளையே அங்க தேவாரம் பாடினதும் திரும்பி வரலியா? போன சம்பந்தம் வந்துரும்னு அர்த்தம்" என்றாள் அவள். "அப்ப மடையன்னு போட்டிருக்கே?" என்றேன். "அது யாருன்னு நான் வேற சொல்லணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

ஆகவே இந்தக் கடிதத்தின் சாரம் இது. நீ அடுத்த தடவை தில்லிக்கு வரும்போது அந்தக் கட்டை எடுத்துக்கொண்டுபோய் நைல் நதியில் போட்டுவிடு. முதலைகள் இருந்தால் அவை பலன் பார்த்துக்கொள்ளட்டும். சம்பந்தம் போனாலும் போகட்டும் என்று சொல்லுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. அந்தப் பையனைப் போல இன்னொருவன் சுபாவுக்குக் கிடைக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனால் கழுத்தில் கத்தியை வைத்தாலும், டாரோ தமிழ்நாட்டில் பிறந்தது என்று இந்த மாசிலாமணியின் வாயிலிருந்து வராது. மனிதனுக்கு மானம் என்று ஒன்று வேண்டும், வாக்கியத்துக்கு ஆதாரம் என்று ஒன்று வேண்டும். இதில் நான் மலைபோல் இருக்கிறேன் என்பதை உன் அக்காளுக்கும் நீ போனில் எடுத்துச் சொல்.

உனக்கு நெல்லையப்பர் அருளால் சகல சௌபாக்கியமும், பொருள் வாங்குகிற விஷயத்தில் கொஞ்சம் புத்தியும் உண்டாகட்டும். வெயிலில் அலையாதே. அங்கே குளிக்கிற தண்ணீரைக்கூடக் காய்ச்சிக் குளி.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் அத்தான்,
மாசிலாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுக்கப் போனேன். சாப்பாட்டு மேஜையில் சுபா தனியாக உட்கார்ந்து எதையோ விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகம் விட்டுப்போன கட்டுரை. உனக்குத் தெரியும், நம் சுபா தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். புசா ரோடு தமிழ்ப் பள்ளி தூரம் என்று பக்கத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். பிறகு நான் வீட்டில் அரிச்சுவடி வாங்கி வைத்துக் கெஞ்சினேன், மிரட்டினேன், சாக்லேட் கூடக் கொடுத்துப் பார்த்தேன், அவள் 'அ'வுக்கு மேல் ஏறவில்லை. இப்போது எழுத்து எழுத்தாகக் கூட்டி, 'பா... பாண்... பாண்டி...' என்று வாசிக்கிறாள். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி ஓர் எழுத்தைக் காட்டினாள். "இது என்ன எழுத்து? உங்க ஒப்பீனியன் வேண்டாம், எழுத்து மட்டும் சொல்லுங்க" என்றாள். 'ணி' என்றேன். "தேங்க்ஸ். அர்விந்தோட அப்பா எழுதினது. அந்த வீட்டுக்குப் போகப்போறேன், படிக்கத் தெரியாமப் போனா நல்லா இருக்குமா?" என்றாள். போகப்போகிறேன் என்கிறாள், சிவஞானம். போக முடியுமா என்று கேட்கவில்லை. ஆதாரத்தோடு நான் எழுதியது எதையும் அவள் படித்தது கிடையாது. இந்தப் புளுகைப் படிக்கத்தான் என் மகள் தமிழ் கற்கிறாள்.

கோல் மார்க்கெட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது அவரேதான். "ஐயா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். நம்ம பஞ்சாங்கம், காலண்டர் எல்லாம் சிவகாசியிலதான் அச்சாகுது. அதுக்காக நாளும் நட்சத்திரமும் சிவகாசியிலயா பொறந்துது? சீட்டு இத்தாலியில அச்சானா என்ன?" என்றேன். "இதை, இதைக் கட்டுரையில சேத்துக்கலாமா?" என்று கேட்டார் குழைந்துபோய். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தமிழ் மன்றக் கூட்டத்துக்குத் தலைமையும் நானே தாங்குகிறேன். பங்குனியில் நிச்சயதார்த்தம், நீ லீவு சொல்லி வைத்துவிடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் நடத்தலாம் என்று பெரியவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். நான் சொன்னது ஒன்றுதான், மீதி கைவசம் இருக்கிறது. சுபா பேசிவிட்டாள். சீட்டு பலித்துவிட்டது என்று உன் அக்காள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், வாசலில் மறுபடியும் செருப்பு.

கட்டை நைல் நதியில் போடச் சொன்னதை மறந்துவிடு. பேரீச்சம்பழமும் வேண்டாம். சம்பந்தியம்மாளுக்கு அதே மாதிரி இன்னொரு கட்டு வேண்டுமாம், வாங்கிக்கொண்டு வா. கொடுப்பதற்கு முன்னால் பெட்டியைக் கவிழ்த்துப் பார். அடியில் இத்தாலி என்று இருந்தால் பேனாக்கத்தியால் சுரண்டிவிடு.